விடுவிப்பவர் கையெழுத்து

எங்கள் வீட்டில் பிக்னிக்குக்கும் படிவம் உண்டு. அதற்குக் காரணம் அப்பா. அப்பா அப்படி ஆனதற்குக் காரணம், போன வருஷத்து முட்டை சாண்ட்விச்.

அப்பா ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளர். கடைக்குப் போக வேண்டிய ஜாம், பால் பவுடர், பிஸ்கட் எல்லாம் அவருடைய மேஜைக்கு வந்து, ‘நிறுத்திவைக்கப்பட்டது’ என்ற மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு காத்துக் கிடக்கும். ஒருவர் சோதிக்க வேண்டும், வேறொருவர் விடுவித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் பச்சை ஸ்டிக்கர். முப்பது வருஷத்தில் கையெழுத்து இல்லாமல் தன் பிரிவிலிருந்து ஒரு கடுகு கூட வெளியே போனதில்லை என்று அவர் சொல்லாத விருந்தாளி கிடையாது.

அப்படிப்பட்ட மனிதர் போன வசந்தத்தில், அம்மா ஓடிய ஓட்டப்பந்தயத்தைப் பார்க்கப் போன இடத்தில், ஏரிக்கரைப் புல்வெளியில் மூன்று மணி நேரம் வெயில் காய்ந்த முட்டை சாண்ட்விச்சைத் தன் கையாலேயே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார். அத்தையின் கணவர், அதாவது மாமா, மூன்று நாள் குளியலறையிலேயே குடியிருந்தார். மாமா பெயின்ட் கடை வைத்திருப்பவர். வாய் சும்மா இருக்காது. டிஸ்டெம்பர் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கதையை இலவச இணைப்பாகக் கொடுத்தார். வாங்க வந்தவர்களில் ஒருவர் அப்பாவின் ஆபீஸ் குமாஸ்தா.

அடுத்த திங்கட்கிழமை அப்பாவின் மேஜையில் ஓர் அவித்த முட்டை உட்கார்ந்திருந்ததாம், மஞ்சள் ஸ்டிக்கரோடு. அப்பா இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அந்த ஸ்டிக்கர் கிடைத்துத்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

அந்தப் பந்தய நாளில் இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் எந்தக் கடையிலும் சொல்லவில்லை.

அம்மா துணி திருத்தித் தரும் கடை வைத்திருக்கிறாள். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, போன வருஷம் சரியாக இருந்த சட்டையை இந்த வருஷத்து வயிற்றுக்குத் தகுந்தாற்போல் பிரித்துவிடுவது. நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்து முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடை எப்போது ஓட்டமானது என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். நாற்பத்தாறாவது வயதில், இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். பத்தாகிவிட்டால் முடிவுக் கோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குப் பதக்கம் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. பதினெட்டாவது கிலோமீட்டர் வளைவில் நாங்கள் விரிப்பு விரித்து உட்கார்ந்திருந்தோம். அம்மா வந்தாள். “ஏம்மா, நில்லு நில்லு, ஒரு போட்டோ!” என்று அத்தை ஓடிப்போய் அம்மாவின் தோளில் கையைப் போட்டார். அத்தை அப்பாவின் அக்கா. அவர் சொன்னால் அம்மா நிற்பாள், இருபத்தைந்து வருஷப் பழக்கம். முதல் படத்தில் அத்தை கண்ணை மூடிவிட்டார். இரண்டாவதில் மாமாவின் தலை மறைத்தது. மூன்றாவது நன்றாக வந்தது. படம் எடுத்தது நான்தான்.

அம்மா முடித்தபோது மணி பத்து இரண்டு. நெஞ்சில் குத்தியிருந்த பந்தய எண்ணைக் கழற்றாமலேயே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். அந்த மூன்றாவது படம் அத்தை வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அத்தை அதில் மிக அழகாக இருக்கிறார்.

இந்த வருஷமும் அம்மா பெயர் கொடுத்தாள். எங்களைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“இந்தத் தடவை யாரும் என்னை நிறுத்தாதீங்க. அவ்வளவுதான்.”

“சேச்சே, யாரு நிறுத்தப் போறா?” என்றார் அத்தை. எல்லோரும் தலையை ஆட்டினோம். பிறகு என்ன சாப்பாடு கொண்டு போவது என்ற பேச்சுக்குத் தாவினோம். மூன்று வாரம் அதிலிருந்து இறங்கவே இல்லை.

முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் முன்னறையில் நடந்தது. அப்பா ஆபீஸில் கழித்துப் போட்ட வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து சோபாவில் சாய்த்து வைத்தார். விரிப்பின் படத்தை அதில் அளவோடு வரைந்தார். நடுவில் ஐஸ் பெட்டி, கிழக்கே சாண்ட்விச், மேற்கே கேக், ஓரத்தில் பழம், கை கழுவத் தனி இடம். யார் எங்கே உட்காருவது என்பதற்கும் வட்டம் போட்டிருந்தார். மொத்தம் நான்கு வட்டம். அம்மாவுக்கு வட்டம் இல்லை. அவள்தான் ஓடிக்கொண்டிருப்பாளே.

“முட்டையே வேண்டாம்” என்றார் அத்தை.

“முட்டை இல்லாம என்ன பிக்னிக்? அதுக்கு வீட்டுலயே படுத்துக் கிடக்கலாம்” என்றார் மாமா. முட்டையால் பட்ட பாட்டுக்கு அவர்தான் முதலில் எதிர்க்க வேண்டியவர். ஆனால் மாமாவின் நாக்கும் வயிறும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

நாற்பது நிமிஷ விவாதத்துக்குப் பிறகு, நிபந்தனைகளுடன் முட்டை அனுமதிக்கப்பட்டது. வெள்ளரிக்காய் சாண்ட்விச்சில் ரொட்டியின் ஓரத்தை வெட்டுவதா வேண்டாமா என்பதற்கு இன்னொரு இருபது நிமிஷம் போனது. உருளைக்கிழங்கு கட்லெட், கோழி வறுவல், எலுமிச்சை கேக், ஆரஞ்சு ஜூஸ் என்று பட்டியல் நீண்டது. அம்மா மூலையில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் அவள் சேர்த்தி இல்லை. ஆனால் யார் என்ன முடிவெடுத்தாலும், ‘செய்ய வேண்டியவர்’ என்ற இடத்தில் அவள் பெயர்தான் போய் நின்றது.

“ரெண்டு வாழைப்பழம் வச்சுக்கலாம்” என்றாள் அம்மா. “ஓடி முடிச்சதும் எனக்கு அதுதான் இறங்கும்.”

“வாழைப்பழம் வேண்டாம். கறுத்துப் போயிடும், விரிப்புல பார்க்க நல்லா இருக்காது” என்று அப்பா அதை எழுதாமலேயே விட்டார்.

அடுத்த ஞாயிறு பயிற்சி வகுப்பு. நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்காருபவள். வலியோடு வருகிறவர்களைப் பொறுமையாகக் காத்திருக்கச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்ட எனக்கே பொறுமை போய்விட்டது. எட்டு டிகிரிக்கு மேல் கிருமி எப்படிப் பெருகும் என்று அப்பா முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார். கடைசியில் பத்துக் கேள்விப் பரீட்சை. அத்தை பாதியில் தூங்கிவிட்டார். மாமா மூன்று மதிப்பெண். நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பதில் சொல்லியே பத்துக்குப் பத்து வாங்கினாள்.

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே படிவத்தை எடுத்தார். தயாரித்தவர், சோதித்தவர், விடுவிப்பவர் என்று மூன்று இடம். ஒருவர் கையெழுத்து இரண்டு இடத்தில் வரக் கூடாது. முக்கியமாக, தயாரித்தவர் விடுவிக்கவே கூடாது.

“சோதிக்கிறது நான். விடுவிக்கிறது நீ. பாஸ் பண்ணினது நீ மட்டும்தான்” என்றார் அம்மாவிடம்.

“அப்போ சமைக்கிறது யாரு?”

அப்பா பேனாவால் படிவத்தைத் தட்டினார். “சமையல் நீதான். ஆனா தயாரித்தவர்னு அக்கா கையெழுத்துப் போடட்டும். சும்மா பேப்பருக்குத்தானே.”

அம்மா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். “அந்த நேரம் நான் ஓடிக்கிட்டு இருப்பேனே?”

“அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றார் அப்பா. கேக்கை எட்டாக வெட்டுவதா பத்தாகவா என்று மாமா கேட்டிருந்தார், அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள், ஓடுகிறவர்கள் காலை நீட்டி ஓய்வெடுக்க வேண்டும் என்பார்கள். அம்மா பிற்பகலிலிருந்து அடுப்படியில் நின்றாள். அத்தை வந்து கட்லெட்டில் உப்புப் பார்த்தார், கோழியில் காரம் பார்த்தார், நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார், ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைவலி என்று சொல்லி அறையில் படுத்திருந்தேன். பொய்தான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பந்தய நாள். அம்மா விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். காலை ஆறேகாலுக்கு அப்பா ஐஸ் பெட்டியை மூடி, ஆபீஸ் டேப்பால் சுற்றி, ஒவ்வொரு டப்பாவிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார். படிவத்தில் ‘மூடியது 6.15. நான்கு மணி நேரம். 10.15-க்குள் விடுவிக்கப்படாவிட்டால் அழிக்கப்படும்’ என்று எழுதினார். பிக்னிக்கில் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று யாரும் காபியைத் தவிர எதையும் தொடவில்லை.

ஏரிக்கரை குளுகுளுவென்று இருந்தது. மரங்களில் இலை புதிதாக வந்திருந்தது. அதே பதினெட்டாவது கிலோமீட்டர் வளைவில், வெள்ளைப் பலகையில் வரைந்தபடியே அப்பா விரிப்பை விரித்தார். ஐஸ் பெட்டி கோணலாக இருப்பதாக இரண்டு தடவை நகர்த்தினார். நாங்கள் அவரவர் வட்டத்தில் உட்கார்ந்தோம். சுற்றிலும் மற்றவர்கள் பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்துக் குடும்பம் ரொட்டியை வெறும் கையால் பிய்த்து, ஜாமைத் தடவி, கீழே விழுந்ததைக் கூட ஊதித் தின்றது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா திருப்பவில்லை.

எட்டேகாலுக்கு மாமாவின் வயிறு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசியது.

“சரி, தொறந்துடுவோமா?”

“கையெழுத்து வேணும் அத்தான்” என்றார் அப்பா, படிவத்தைச் செருகியிருந்த கிளிப் அட்டையைத் தட்டி. பிறகு ‘விடுவிப்பவர்’ என்ற காலி இடத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“நான் போட்டுத் தொலைக்கிறேன்டா” என்றார் அத்தை.

“நீ தயாரிச்சவ அக்கா.”

“நான் எங்கடா தயாரிச்சேன்?”

“பேப்பர்ல நீதான்.”

“அப்போ நானு?” என்றார் மாமா.

“நீங்க ஃபெயில்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். “நான் பரீட்சையே எழுதலை” என்றேன். எனக்கும் பசிதான். ஆனாலும் அதைச் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது.

மாமா டேப்பில் நகத்தை வைத்தார். அப்பா பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். “போன வருஷம் நடந்தது போதும்” என்றார். அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அந்த அவித்த முட்டை அவர் நெஞ்சிலிருந்து இன்னும் இறங்கவில்லை என்று அப்போது புரிந்தது. பாவமாக இருந்தது. அதற்காக அவர் செய்தது கோமாளித்தனம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு அப்பா ஒரு கேள்வி கேட்டார். அம்மா ஓட ஆரம்பித்த இத்தனை நாளில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

“இப்போ அவ எங்க வந்துக்கிட்டு இருக்கா?”

ஓடுகிறவர்கள் இருக்குமிடத்தைப் பந்தயம் நடத்துகிறவர்கள் போனில் காட்டுகிறார்கள். பார்த்தேன். “ஒன்பதாவது கிலோமீட்டர்.”

“எவ்வளவு வேகம்?” “கால் வலி கிலி இருக்காதே?” “வழியில தண்ணி கொடுப்பாங்கல்ல?” மூன்று பேரும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள். பன்னிரண்டைத் தாண்டியபோது மாமா தொடையில் தட்டினார். பதினைந்தில் கொஞ்சம் வேகம் குறைந்தபோது அத்தை, “ஐயோ, நடக்குறாளா என்ன?” என்று நெஞ்சில் கை வைத்தார். அம்மாவுக்காக இந்தக் குடும்பம் இப்படித் துடித்து நான் பார்த்ததே இல்லை. பசி எப்பேர்ப்பட்ட பாசத்தையும் வரவழைத்துவிடும் போலிருக்கிறது.

ஒன்பது முப்பதுக்கு அம்மா வளைவில் தெரிந்தாள். முகம் சிவந்து, நெற்றியில் உப்புப் பூத்து, கண் நேராக ரோட்டில் இருந்தது. கணக்குப் போட்டேன். இதே வேகத்தில் போனால் இரண்டு, மூன்று நிமிஷம் மிச்சம். போன வருஷம் நாங்கள் மூன்று படத்துக்கு எடுத்துக்கொண்ட நேரம்.

அப்பா கிளிப் அட்டையோடு எழுந்தார்.

“அப்பா, வேண்டாம். நிறுத்தாதீங்கன்னு சொன்னாங்கல்ல?”

“யாரு நிறுத்துறா? ஓடிக்கிட்டே போடட்டும்.”

ஆபீஸ் ஷூவோடு ரோட்டில் இறங்கி, அம்மாவுக்குப் பக்கத்தில் ஓட ஆரம்பித்தார். பேனா அட்டையில் நூலால் கட்டியிருந்தது, ஆபீஸில் பேனா திருட்டு அதிகம். அது இப்படியும் அப்படியும் ஆடியது.

“இங்க பாரு, ஒரே ஒரு கையெழுத்து. கடைசிக் கட்டம். அஞ்சு செகண்ட்தான். எல்லாரும் பட்டினி கிடக்கிறோம்…”

அம்மாவின் கால் தயங்கியது. என் கண்ணால் பார்த்தேன். இருபத்தைந்து வருஷப் பழக்கம், அது அவ்வளவு சீக்கிரம் விடாது. ஓர் அடி சின்னதாக விழுந்தது, இன்னோர் அடி அதைவிடச் சின்னதாக விழுந்தது.

“ஓடும்மா!” என்று கத்தினேன். தொண்டை கிழிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அம்மா கையை நீட்டினாள். அட்டையை அப்பாவின் கையிலிருந்து வாங்கினாள். கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நிற்காமல் போய்விட்டாள்.

அப்பா நாலடி துரத்தினார், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போட்டாளா?” என்றார் மாமா.

“எடுத்துக்கிட்டுப் போயிட்டா.”

அடுத்த வளைவில் தண்ணீர் கொடுக்கிற மேஜையில் இருந்தவர்கள், அட்டையோடு ஒரு பெண்மணி வருவதைப் பார்த்து, ஏதோ அதிகாரி திடீர் சோதனைக்கு வருவதாக நினைத்து நிமிர்ந்து நின்றார்கள். அதை நான் போகிற போக்கில்தான் பார்த்தேன், ஏனென்றால் நாங்கள் அதற்குள் விரிப்பைச் சுருட்டிவிட்டோம். பந்தயப் பாதை ஏரியைச் சுற்றிப் போகிறது. நடைபாலத்தில் குறுக்கே போனால் முடிவுக் கோடு பத்து நிமிஷம். அப்பாவும் மாமாவும் ஐஸ் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அத்தை கேக்கை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கோட்டுக்குப் பக்கத்தில் கயிற்றோடு ஒருவர் தயாராக நின்றிருந்தார். மணி ஒன்பது ஐம்பத்தாறு. அம்மா தெரிந்தாள், அட்டை இன்னும் கக்கத்தில்.

“விடாதம்மா! விடாத!” என்று மாமா பெட்டியைப் போட்டுவிட்டு ஆர்ப்பரித்தார். “வா, வா, வந்துடு!” என்று அத்தை கேக்கை உயரத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் நின்றவர் எங்களைப் பார்த்து, “கொடுத்து வச்சவங்க, எவ்வளவு பாசமான குடும்பம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானும் கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன். எனக்குப் பசி மறந்தே போயிருந்தது.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு அம்மா கோட்டைத் தாண்டினாள். யாரோ கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள், கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார்கள். புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நாங்கள் பெட்டியோடு அவளைச் சுற்றி நின்றோம்.

“சபாஷ்மா” என்றார் மாமா. “அந்தக் கையெழுத்து…”

அம்மா மூச்சு வாங்கி முடித்தாள். அட்டையை மடியில் வைத்து, படிவத்தை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். பேனாவைப் பிடித்தாள். அத்தையின் அழகான கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

“இடம் மாத்திப் போட்டுட்ட” என்றார் அப்பா. “இது தயாரித்தவர்.”

“ஆமா. தயாரிச்சது நான்தானே?”

“அப்போ விடுவிக்கிறது யாரு?”

“தயாரிச்சவங்க விடுவிக்கக் கூடாதுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க? பத்துக்குப் பத்து வாங்கினவ நான். தப்பாப் போட முடியாது.”

அப்பா படிவத்தைப் பார்த்தார், அம்மாவின் காலைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் கையெழுத்தை நம்பி வாழ்ந்தவர் அவர். உண்மையான கையெழுத்து ஒன்று முன்னால் இருக்கும்போது அதை மீற அவருக்குத் தெரியாது. புல்லில் மெதுவாக உட்கார்ந்தார்.

“சரிதான்” என்றார் கடைசியில்.

மணி பத்தேகால் ஆனது. மாமா கடைசி வரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அது மனசு மாறி நின்றுவிடும் என்பது போல. அப்பா எழுந்தார். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினார். முட்டை சாண்ட்விச் போகும்போது மாமா எழுந்து நின்றார், மரியாதைக்கா ஆசைக்கா என்று தெரியவில்லை.

“உனக்கு வருத்தமா இல்லையாம்மா? நேத்து பூரா நின்னு செஞ்சியே” என்று கேட்டேன்.

“இருக்கு” என்றாள் அம்மா. “கட்லெட் ரொம்ப நல்லா வந்திருந்தது.”

வாழைப்பழத்தின் தோலை உரித்தாள். எங்கள் வீட்டில் அம்மா பழம் உரித்தால் கைகள் தானாக நீளும். அன்றும் மாமாவின் கை, அத்தையின் கை, அப்பாவின் கை, என் கை எல்லாம் கொஞ்சம் அசைந்தன. அம்மா எங்கள் நான்கு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அந்த ஒரு பழத்தை யாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல் முழுதாகத் தின்று முடித்தாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.